சிவப்புக் குழாயில் பச்சைத்தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மனிதர்கள் மேல் வருவதைவிட எண்கள் மேல் இன்னும் சீக்கிரம் வரும். "நீ கம்ப்யூட்டரத் திட்டிக்கிட்டு இருக்கற வரைக்கும் எனக்கு நிம்மதி" என்பார் என் கணவர் பத்மநாபன். அப்படிப் பார்த்தால் போன ஜூன் அவருக்கு ரொம்பவும் நிம்மதியான மாதம். இரண்டு வாரமாக நான் வெண்டை விதைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

துபாயில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் பண்ணைகளும் ஆய்வுக்கூடங்களும் தாங்கள் அளந்த எண்களை அனுப்பிவைப்பார்கள். அந்த எண்களுக்குப் பொருந்துகிற சூத்திரத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும்; உண்மையில் தையல்காரர் வேலைதான். உடம்பின் அளவு வருகிறது, சட்டை தைக்கிறோம். சட்டை பிடிக்கவில்லை என்றால் பிரித்துத் தைக்க வேண்டும், உடம்பை வெட்டக்கூடாது. இதைக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் பட்டம் வாங்கினேன்.

அல் ஐன் பக்கத்தில் ஒரு பண்ணை. அங்கே ஒரு வருடம் முழுக்க வெண்டை விதையை வைத்து ஒரு சோதனை நடத்தியிருந்தார்கள். வெண்டை விதைக்குத் தோல் கெட்டி. விதைப்பதற்கு முன்னால் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்குமா, எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கேள்வி. வாரத்துக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு நூறு விதை. ஒரு பெட்டி விதையைச் சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரிலும், இன்னொன்றைச் சாதாரணக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரிலும் ஊறவைக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஏசி அறையில் மணலில் வைத்து, தினமும் காலையில் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். படிவத்தில் 'குழாய்' என்று ஒரு கட்டம். சிவப்புக் குழாய் என்றால் R, நீலக் குழாய் என்றால் B.

முளைப்பு என்பது அழகான வளைவு. முதலில் ஒன்றும் இருக்காது, பிறகு திடீரென்று ஏறும், பிறகு அடங்கும். அந்த வளைவைப் புள்ளியியல் மென்பொருளில் கொடுத்து, பாதி விதை முளைக்க எத்தனை நாள் என்று கேட்டால் சொல்லிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பிரமாதமாகச் சொன்னது. சுடுதண்ணீரில் ஊறிய விதை நான்கே நாளில் பாதி முளைத்தது. சாதாரணத் தண்ணீருக்கு ஆறு நாள் ஆனது. நான் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து வருடம் முழுவதையும் சேர்த்து ஓட்டினேன். மென்பொருள் திணறியது. மாடல் சொல்கிற எண்ணுக்கும் உண்மையில் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தமிழில் எச்சம் என்று பெயர். பெயருக்கு ஏற்றபடிதான் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. மே இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் கடைசி வரை எல்லாம் தலைகீழ். சுடுதண்ணீர் விதை மெதுவாகவும், சாதாரணத் தண்ணீர் விதை வேகமாகவும் முளைத்திருந்தன. அக்டோபரில் மறுபடி ஒழுங்காகிவிட்டது.

ஆரம்ப மதிப்புகளை மாற்றிப் பார்த்தேன். வேறு சூத்திரம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மசியவில்லை. பன்னிரண்டாவது நாள் கோபத்தில் என் மேலாளர் ரோஹித்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 'மே முதல் செப்டம்பர் வரையான பதிவுகளை நம்ப முடியாது. வெயில் காலத்தில் களத்தில் பதிவு செய்தவர் கவனமில்லாமலோ, விதையைப் பார்க்காமலேயோ எழுதியிருக்கலாம். அந்த ஐந்து மாதத்தை நீக்கிவிட்டு மாடலைப் பொருத்துகிறேன்.' அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அன்று வெங்காய சாம்பார் கூட வைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ரோஹித் என் மேசைக்கு வந்து, "பானு, கலாஸ், விஷயம் முடிந்தது. பண்ணைக்காரர்கள் அந்த ஆளின் விசாவைக் கேன்சல் செய்துவிட்டார்கள், வியாழக்கிழமை ஃபிளைட்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏதோ குழாய் ஒழுகல் சரியானதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"எந்த ஆளை?"

"எழுதினவரை. உன் மின்னஞ்சலை அப்படியே பண்ணைக்கு அனுப்பினேன். நீதானே சொன்னாய்? ஐந்து மாதத்தை நீக்குவதற்கு முன்னால் அசல் பதிவேடுகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார்கள். நாளைக்கு நீயே போய் வாங்கி வந்துவிடு."

பதிவு செய்தவர் என்று நான் எழுதியபோது ஒரு ஆள் என் மனதில் இருக்கவே இல்லை. ஒரு காரணம்தான் இருந்தது. இப்போது அந்தக் காரணத்துக்கு ஃபிளைட் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

அஜ்மானில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அல் ஐனுக்கு இரண்டு மணி நேரம். வழியெல்லாம் நானே எனக்கு வக்கீலாக வாதாடிக்கொண்டு போனேன். சரியாக எழுதியிருந்தால் மாடல் ஏன் பொருந்தாது? நான் என்ன பொய்யா சொன்னேன்? பண்ணை வாசலில் காரை நிறுத்தியபோது வண்டி நாற்பத்தாறு டிகிரி காட்டியது. என் வாதம் எனக்கே எடுபடவில்லை.

விதைக் கொட்டகையின் கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். நீலச் சீருடை, சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு பென்சில். பதிவேடுகள் பிளாஸ்டிக் உறையில் போடப்பட்டு மேசைமேல் தயாராக இருந்தன.

"மேடம் தமிழா? கேட்ல பேரச் சொன்னாங்க, பானுமதின்னு."

"ஆமா. நீங்க?"

"அம்மையப்பன். மானாமதுரப் பக்கம். அப்ப அக்கான்னே கூப்புடுறேன். இங்க வந்து நாலு வருசம் ஆச்சு, இந்தக் கொட்டகைக்குள்ள தமிழ் பேசுற ஆளு இன்னைக்கித்தான் வர்றாங்க. உக்காருங்க, மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு."

"இந்தப் பதிவேடெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமாக்கா. வியாழக்கெழம ஊருக்குப் போறேன். அதுக்குள்ள வந்து வாங்கிக்கிட்டது நல்லதாப் போச்சு. இல்லன்னா யாரு எடுத்துக் குடுப்பா?"

"லீவா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

"லீவெல்லாம் இல்ல. கேன்சல் பண்ணிட்டாங்க. வேல சரியில்லன்னு ஆபீஸ்ல எழுதியிருக்காம். என்ன சரியில்லன்னு கேட்டேன். மாஃபி மாலும்னுட்டாங்க, அவங்களுக்கே தெரியலையாம்." கொஞ்ச நேரம் பதிவேட்டு உறையைத் தடவிக்கொண்டிருந்தார். "என்ன சரியில்லன்னு சொன்னாத் திருத்திக்கலாம். சொல்லலியே."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கொட்டகையின் மூலையில் தொட்டி, அதன் மேல் இரண்டு குழாய்கள், விதை ஊறவைக்கும் தெர்மாஸ் ஜாடிகள். நான் தொட்டிக்கு முன்னால் நின்று, சிவப்புக் குழாயைத் திறந்து, இரண்டு கையிலும் தண்ணீர் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டேன். ஜில்லென்று இல்லை, ஆனால் இதமாக இருந்தது. இரண்டாவது தடவை பிடிக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

நான் ஏன் சிவப்புக் குழாயைத் திறந்தேன்?

யோசித்துத் திறக்கவில்லை. பதினோரு வருடமாக என் கை செய்கிற வேலை அது. இந்த ஊரில் வெயில் காலம் வந்தால் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். சாதாரணக் குழாய் நேராக அந்தத் தொட்டியிலிருந்து வருவதால் அதில் கை வைக்க முடியாது. அதனால் எல்லா வீட்டிலும் கீசரை அணைத்துவிடுவோம். சுவருக்குள்ளே, ஏசி நிழலில் இருக்கிற கீசரில் தண்ணீர் நின்று ஆறிக் கிடக்கும். அரிசி கழுவ, குழந்தையைக் குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் சிவப்புக் குழாய்தான். அக்டோபரில் மறுபடி மாறிக்கொள்வோம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவது கிடையாது. எனக்குத் தெரிந்திருந்தது. என் கைக்குத் தெரிந்திருந்தது. என் மென்பொருளுக்கு மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த நிரலின் நாற்பத்தொன்றாவது வரியில் நானே எழுதியிருந்தேன்: R என்றால் சுடுதண்ணீர், B என்றால் சாதாரணத் தண்ணீர். வருடம் முழுக்க.

சோதித்துப் பார்க்க நீலக் குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"அக்கா, நீலத்தத் தொறக்காதீங்க, கை வெந்துரும்!" என்று பின்னாலிருந்து அவர் ஓடிவந்தார். "இப்ப சிவப்புதான் பச்சத்தண்ணி. ஹீட்டர் ஆஃப்ல கெடக்குல்ல."

சிவப்புதான் பச்சைத்தண்ணி. நான் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது, முகம் ஈரமாக இருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

"போன வருஷம் ஹீட்டரை எப்ப அணைச்சாங்க, ஞாபகம் இருக்கா?"

"கௌஸ் பாய்தான் அணைப்பாரு, எங்க எலக்ட்ரீசியன். மே மாசம் பத்தாந்தேதி வாக்குல. ஞாபகம் என்னத்துக்கு? எழுதியிருக்கேன்ல?"

பதிவேட்டை எடுத்து, எச்சில் தொடாமல் விரல் நுனியால் பக்கங்களைத் தள்ளி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மே 11. கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்று இருந்த இடத்தில், பென்சிலில் பொடியாகத் தமிழில் எழுதியிருந்தது: 'இன்று முதல் ஹீட்டர் நிறுத்தம். R தண்ணீர் பச்சைத்தண்ணீர். B சுடுகிறது.' அக்டோபரின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். 'ஹீட்டர் போட்டாச்சு. R சுடுகிறது.'

பதிவேட்டை எக்செல்லில் ஏற்றியவர்களுக்குத் தமிழ் தெரியாது, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். பண்ணை மேலாளருக்குத் தெரியாது. ரோஹித்துக்குத் தெரியாது. இந்த வரிசையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான்தான் அசலைப் பார்க்காமல், விதையைப் பார்க்காமல் எழுதியதாக அவர் மேல் பழி போட்டவள்.

மடிக்கணினியை அவருடைய மேசையிலேயே திறந்தேன். நாற்பத்தொன்றாவது வரியை அழித்து, மே 11 முதல் செப்டம்பர் முடிய R-ஐயும் B-ஐயும் இடம் மாற்றி எழுதினேன். ஓட்டினேன். நான் பன்னிரண்டு நாள் கெஞ்சியும் திட்டியும் மசியாத வளைவு ஒரு நொடியில் வந்து, ஏறக்குறைய ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தது. எச்சமெல்லாம் ஒழுங்காகப் பூஜ்யத்தைச் சுற்றி நின்றது. அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. பார்க்காமல் எழுதுகிறவன் ஒருநாளும் இப்படி எழுதமாட்டான். படிவத்தில் R என்றால் சீக்கிரம் முளைக்கும் என்று தெரிந்தவன், அதற்குத் தோதாகத்தான் கதை விடுவான். ஐந்து மாதம் விடாமல் என் மாடலுக்குப் பிடிக்காத எண்ணை எழுதுவதற்கு, தினமும் காலையில் குனிந்து உண்மையாகவே எண்ணுகிற ஒருவரால்தான் முடியும்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "இந்தப் புள்ளியெல்லாம் என்னக்கா?"

"ஒவ்வொண்ணும் நீங்க ஒருநாள் காலையில எண்ணினது."

"இம்புட்டா எண்ணியிருக்கேன்?" என்று சிரித்தார். "அந்தக் கோடு?"

"அது நான் போட்டது."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் வேலையைத் திருப்பி வாங்கிக் கொடுப்போம், பிறகு சொல்வோம் என்று எனக்கு நானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு, பதிவேடுகளை அள்ளிக்கொண்டு காருக்கு வந்தேன்.

காரிலிருந்தே ரோஹித்துக்குப் போன் போட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அச்சா, நல்ல செய்திதான். ஐந்து மாத டேட்டா பிழைத்தது. 'குறியீட்டில் ஏற்பட்ட ஒரு முரண்பாடு சரிசெய்யப்பட்டது' என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி போட்டுவிடு" என்றார்.

"அந்த ஆளு?"

"அது பண்ணையின் முடிவு, பானு. நமக்கு அதில் வேலை இல்லை."

"நான் எழுதினதாலதானே அந்த முடிவு?"

"யாரும் உன்னைக் கேட்கவில்லையே. நீயாகப் போய்த் தலையைக் கொடுக்காதே. இந்த கிளையண்ட் போனால் நமக்குத்தான் கஷ்டம்."

வீட்டுக்கு வந்து ரோஹித் சொன்ன வரியைத்தான் முதலில் தட்டினேன். பயம் இல்லாமல் இல்லை. என் விசாவும் ஒரு கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. வரியைப் படித்துப் பார்த்தேன். அதில் யார் மேலும் குற்றம் இல்லை, பார்க்க மரியாதையாக இருந்தது. ஆனால் யாருடைய தவறும் இல்லை என்றால், பண்ணையின் ஃபைலில் ஏற்கெனவே எழுதியிருக்கிற தவறு அம்மையப்பனுடையதாகவே இருந்துவிடும். அழித்துவிட்டு நேராக எழுதினேன். 'தவறு என்னுடையது. பதிவு செய்த திரு. அம்மையப்பன் ஹீட்டர் நிறுத்தப்பட்ட தேதியையும் மீண்டும் போடப்பட்ட தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். அசல் பதிவேட்டைப் படிக்காமல் நான் அவரைச் சந்தேகித்து எழுதினேன். அந்த மின்னஞ்சலைத் திரும்பப் பெறுகிறேன். அவருடைய பதிவுகள்தான் இந்த ஆய்வில் மிகவும் நம்பத்தகுந்த பகுதி.' பண்ணை மேலாளருக்கும் ரோஹித்துக்கும் சேர்த்தே அனுப்பினேன். இரண்டு பக்கங்களின் படமும், தமிழ் வரிகளின் மொழிபெயர்ப்பும் இணைப்பில்.

புதன்கிழமை முழுக்கப் பதில் இல்லை. ரோஹித் மட்டும், அடுத்த வாரக் கூட்டத்தில் என் இடத்தில் வேறொருவர் பேசுவார் என்று ஒரு வரி அனுப்பினார். அது எனக்கு வலித்தது, ஆனால் நியாயமாகவும் பட்டது. மதியம் பண்ணைக்கு இரண்டு தடவை போன் போட்டேன். மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். சாயங்காலம் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் தெளிந்து வெகுநேரம் ஆகியும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, அம்மையப்பன் பேசுறேன். கௌஸ் பாய்தான் ஒங்க நம்பர வாங்கித் தந்தாரு. போக வேணாம்னுட்டாங்கக்கா! பாஸ்போர்ட்டத் திரும்ப ஆபீஸ்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. நீங்க ஏதோ லெட்டர் போட்டீங்களாமே? ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை. "அம்மையப்பன், நிறுத்துங்க" என்றேன். "உங்க வேலை சரியில்லைன்னு எழுதினதே நான்தான். முதல் லெட்டரும் நான் போட்டதுதான்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தொன்றாவது வரி, எச்சம், என் கோபம், செவ்வாய்க்கிழமை அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு லீவா என்று கேட்டது உட்பட.

"பெட்டி கட்டிட்டேன்க்கா" என்றார் கடைசியில், மெதுவாக. "ராக்கம்மாட்டயும் சொல்லிட்டேன். எம் பொண்டாட்டி. மூணு நாளா சரியாச் சாப்புடலை அவ. நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேக்குறா. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேக்கா."

பன்னிரண்டு நாள் ஒரு மென்பொருளிடம் எத்தனை விதமாகக் கேட்டேன். எண்ணியவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"சரி விடுங்க. இனிமே கேளுங்க. நம்பர சேவ் பண்ணிக்கங்க" என்றார். அவர் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் வந்திருந்தது. "அம்மையப்பன்னு மட்டும் போடாதீங்க, நாங்க தங்கியிருக்குற கேம்ப்லயே ரெண்டு அம்மையப்பன் இருக்கோம். வெண்டைக்கா அம்மையப்பன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவாங்க."

"அம்மையப்பன், நன்றி."

"எனக்கு எதுக்குக்கா?"

"எண்ணினதுக்கு" என்றேன். அவர் என்னவோ சொல்லிச் சிரித்துவிட்டு ராக்கம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்ன பெயரிலேயே எண்ணைப் பதிந்துகொண்டேன். பிறகு மாடலைத் திறந்து உட்கார்ந்தேன். இப்போது எல்லாம் பொருந்தியிருந்தது, ஒரே ஒரு புள்ளியைத் தவிர. ஆகஸ்ட் 13 அன்று நாற்பத்தெட்டு முளை, மறுநாள் நாற்பத்து மூன்று. முளைத்த விதை எப்படிக் குறையும்? வழக்கமாக இந்த மாதிரி ஒற்றைப் புள்ளியைக் கைப்பிழை என்று நீக்கிவிடுவேன். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போய்விட்டது. போனை எடுத்தேன்.

"அம்மையப்பன், ஆகஸ்ட் பதினாலு. நாற்பத்து மூணா, நாற்பத்தெட்டா?"

"நாப்பத்தி மூணுதான்க்கா. அஞ்ச எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு. எழுதியிருப்பேனே, பாருங்க."

பதிவேட்டைப் புரட்டினேன். எழுதியிருந்தார்.